ஏழு நாள் குடித்தவர்கள்

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஜோங் வெய்லின் சூரியகாந்தி விதை கொறிக்கிறாள். செங்டு நகரத்து ஆய்வு மையத்தில் அவளுக்கு வேலையே இதுதான்: கொரோனாவைக் கஷாயம் குணப்படுத்தியது என்று கட்டுரை எழுதிய மருத்துவர்களைக் கூப்பிட்டு, நோயாளிகளை எப்படி இரண்டு பக்கமாகப் பிரித்தீர்கள் என்று விசாரிப்பது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம் என்றுதான் எல்லாக் கட்டுரையும் சொல்லும். பகல் சாப்பாடு முடிந்த கையோடு கூப்பிட்டால் மனுஷர்கள் உண்மை பேசுவார்கள் என்பது அவள் கணக்கு.

அவர்களும் கூசாமல் பேசுவார்கள். "கேட்டவங்களுக்குக் கஷாயம், வேண்டாம்னவங்களுக்கு மாத்திரை. இதுல என்னம்மா இருக்கு?" என்பார் ஒருவர். "விழுங்கவே முடியாத அளவுக்கு மோசமானவங்களைக் கஷாயம் இல்லாத பக்கம் தள்ளிட்டோம்" என்பார் இன்னொருவர். விதை உடைபடும் சத்தம் நின்றால் பதில் மோசம் என்று எதிர் மேஜை லுவோவுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டுரையையும் இருவரும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். நம்ப முடியாததற்குச் சிவப்புப் பென்சில்.

இத்தனைக்கும் கஷாயம் அவளுக்கு எதிரி இல்லை. தும்மல் வந்தால் பிளாஸ்க் நிறையக் காய்ச்சிக்கொண்டு வருவாள். "அதையே குடிச்சுக்கிட்டு அது மேலயே கேஸ் போடுறியே" என்று லுவோ சீண்டுவார். "தொண்டைக்கு இதமா இருக்கிறது வேற, வைரஸ் சாகிறது வேறண்ணே" என்பாள்.

அன்றைக்குக் கூப்பிட்டது ஆற்றோரச் சிறு நகரம் ஒன்றின் மருத்துவர் மெங்கை. கஷாயம் குடித்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்றது அவர் கட்டுரை. அது தேறிவிட்டால் மாகாணம் முழுக்க அந்தக் கஷாயத்தைப் பரிந்துரைப்பார்கள். அதே ஊரில், அந்தக் குளிர்காலத்தில்தான் பள்ளிக்கூடச் சமையல்காரியான வெய்லினின் அக்கா இறந்துபோனாள். ஒரே ஒருமுறை போனில் பேசினாள்; எந்த மருத்துவமனை, என்ன மருந்து என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"நடுவுல விட்டவங்க உண்டா டாக்டர்?"

"அவங்களை எதுக்கும்மா எண்ணணும்? ஏழு நாள் முழுசா குடிச்சாத்தானே மருந்து. அதுக்குள்ள போயிட்டா மருந்து என்ன பண்ணும்?"

"போயிட்டாங்கன்னா... வீட்டுக்கா?"

"இல்லம்மா, செத்துட்டாங்க. மூணு பேரு. அதுல ஒரு அம்மா பள்ளிக்கூடத்துல சமைக்கிறவங்க. ஆஸ்பத்திரிக் கஞ்சியில உப்பே இல்ல, எழுந்ததும் நானே வந்து கிண்டித் தர்றேன்னு வார்டையே சிரிக்க வெச்சாங்க. பாவம், கஷாயத்தை ஒரு சொட்டு மிச்சம் வெச்சதில்ல."

அவர் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் வெய்லினைத் தூக்கிவாரிப்போட்டது. உப்பில்லாத கஞ்சியைப் பற்றி அக்கா கடைசியாகப் பேசிய போனிலும் புலம்பியிருந்தாள். அவளைப் பிழைத்தவர் கணக்கிலும் சேர்க்கவில்லை, செத்தவர் கணக்கிலும் சேர்க்கவில்லை.

"நன்றி டாக்டர். எண்ணாம விட்டவங்க விவரத்தையும் அனுப்பி வைங்க" என்றாள், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

சிவப்புப் பென்சிலை எடுத்தாள். கை கட்டுரைக்கு மேலே போய் அப்படியே நின்றது. லுவோ நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நான் பார்க்கக் கூடாதுண்ணே. இதுல எங்க அக்கா இருக்கா" என்று சொல்லி, கட்டுரையை மூடி, பென்சிலை அதன் மேல் வைத்து, இரண்டையும் அவர் மேஜைக்குத் தள்ளினாள்.