மிச்சக் கடல்

விசில் சத்தம் கேட்டதும் கரையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். ஐஸ் விற்பவர்கூடப் பெட்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறார். அலைக்கு அப்பால் ஒரு தலை முங்கி முங்கி எழுகிறது. சிவப்புப் பனியன் போட்ட தொண்டர்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள். இந்த அம்மாள் மட்டும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, யாரும் பார்க்காத தண்ணீரைப் பார்க்கிறார். அப்புறம் ஆளில்லாமல் கிடக்கும் கண்காணிப்பு மேடையைப் பார்க்கிறார். கையிலிருக்கும் அட்டையில் ஏதோ எழுதுகிறார். முகம் போகிற போக்கில் அது நல்ல சேதியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் சம்பளமில்லாமல் உயிர்காக்கும் காவல் பார்க்கும் தொண்டர் குழுக்கள் உண்டு. அவர்கள் தயாராக இருக்கிறார்களா, கற்றதைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவர் இவர். இதற்கும் சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு மற்ற ஆறு நாளும் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடமாக அதை மிதித்து மிதித்து வலது காலுக்கு அதுவே குணமாகிவிட்டது. தொண்டர் யாராவது தப்புப் பண்ணப் போகிறார் என்றால், மணலில் நிற்கும்போதும் அந்தக் கால் தானாக அழுந்துகிறது. அவர் நின்ற இடத்தில் குழி எவ்வளவு ஆழம் என்று பார்த்தே தொண்டர்கள் தங்கள் மதிப்பெண்ணை ஊகித்துவிடுகிறார்கள். ‘பிரேக் அக்கா’ என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். “வெச்சிட்டுப் போகட்டும். ஹாரன் அக்கான்னு வைக்காம விட்டாங்களே” என்கிறார்.

எந்த ஞாயிறு, எந்தக் கடற்கரை என்று முன்கூட்டிச் சொல்கிற வழக்கமில்லை. வந்து நின்றதும் யாருடைய நீச்சலையும் கேட்பதில்லை. “பலகை எங்க இருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பார். ஓரிடத்தில் மீட்புப் பலகை கொட்டகைக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தார். “ஓ, அப்படியா? மூழ்கறவர்கிட்ட சொல்லிடுங்க. மச்சினன் வீட்டுல காப்பி குடிச்சதும் வந்துருவாருன்னு” என்றாராம். இன்னொரு இடத்தில், காவலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒருவரை அப்படியே வாயோடு விசில் ஊதச் சொன்னார். சத்தம் வரவில்லை, தூள்தான் வந்தது. அந்த ஆள் இப்போதும் விசிலைத் தொடுவதற்கு முன் வாயைக் கொப்பளிக்கிறாராம்.

இதெல்லாம் சில்லறைத் தப்புகள். அவர் விடாமல் துரத்துவது ஒரே ஒரு தப்பைத்தான். ஒருவர் மூழ்கினால் காவலில் இருக்கும் எட்டுப் பேருமே ஓடிவிடுகிறார்கள். நல்ல மனசுக்காரர்கள் என்பதால்தான் ஓடுகிறார்கள். ஒருவரைக் காப்பாற்ற மூன்று பேர் போதும். மீதி ஐந்து பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு “விடாத, விடாத” என்று கத்துவதற்குத்தான் ஆகிறார்கள். அந்த நேரத்தில் வேறு யாராவது சத்தமில்லாமல் உள்ளே போனால் கேட்க நாதியில்லை. சோதனை முடிந்து தொண்டர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, பாராட்டு வரும் என்று பல்லைக் காட்டி நிற்கும்போது அவர் கேட்பார்: “சரி, மிச்சக் கடல யாரு பாத்தது?”

எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? முன்பு எப்போதோ கண்ணெதிரே ஏதாவது நடந்திருக்கும், அந்தத் துயரம்தான் இவரை இப்படி ஆக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மெல்லக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் சார், ஏதாவது நடந்திருந்தாத்தான் பாக்கணுமா? நடக்காம இருக்கத்தானே பாக்கறோம்.” 

சோதனைக்காக மூழ்குகிறவர் வேறு யாருமில்லை, அவருடைய கணவர்தான். நூலகத்தில் வேலை பார்க்கும் ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். இதுவரை நாற்பது தடவைக்கு மேல் மூழ்கியிருக்கிறார். “கைய வீசிக் கத்தறதெல்லாம் சினிமாவுல. நிஜத்துல சத்தமே வராது சார். அதனால இந்த வேலை எனக்குச் சுலபம். வீட்டுலயே பழக்கம்” என்று மனைவிக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு குறை. இத்தனை தடவை உயிரைக் கொடுத்து நடித்தும், மனைவி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் அவர்களோடு போன ஞாயிறு, ஒரு குழுவுக்கு மூன்றாவது சோதனை. முதல் இரண்டிலும் எல்லாரும் ஓடித் தோற்றிருந்தார்கள். இதிலும் தோற்றால் குளிக்கும் எல்லையைக் காட்டும் கொடிகளை எடுத்துவிடுவார்கள், குழுவையும் கலைத்துவிடுவார்கள். குழுத் தலைவர் டயர் கடை வைத்திருப்பவர். “கொடிய எடுத்துட்டா மட்டும் சனம் குளிக்காம இருக்குமாக்கா? பாக்கத்தான் ஆள் இருக்காது” என்றார். குரல் கெஞ்சியது. “அதத்தானே நானும் ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தேன்” என்றார் அக்கா.

இந்தத் தடவை தலைவர் ஒரு காரியம் செய்திருந்தார். குழுவிலேயே வேகமாக நீந்துகிற மருந்துக் கடைப் பெண்ணை மேடைமேல் உட்காரவைத்திருந்தார். போன இரண்டு தடவையும் முதலில் பாய்ந்தவர் அவர்தான். அவருக்கு இது பெரிய மனக்குறை. “நீந்தத் தெரிஞ்சவள ஏணி மேல ஏத்தி வெச்சிருக்காங்க” என்று என்னிடம் முறையிட்டார்.

சோதனை நடக்கிறது என்பதற்காகக் குளிப்பவர்களை வெளியேற்ற முடியாது. அதனால் அந்த நேரத்துக்குக் கடலை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கொடிக்கு வலது பக்கம் மேடையில் இருப்பவர் பொறுப்பு. இடது பக்கம், கல் தடுப்பு வரைக்கும், மதிப்பெண் போட வந்தவர் பொறுப்பு.

கணவர் மஞ்சள் தொப்பியோடு உள்ளே போய் மூழ்க ஆரம்பித்தார். விசில் ஒலித்தது. மூன்று பேர் ஓடினார்கள், தலைவரையும் சேர்த்து மூன்றே மூன்று பேர். மருந்துக் கடைப் பெண் அசையவில்லை. அக்கா வழக்கம்போல முதுகைக் காட்டி இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணலை அழுத்தவே இல்லை. பாஸ்தான் என்று எனக்கே குஷியாக இருந்தது.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து தலைவர் அலறினார்: “தொப்பி! தொப்பியக் கழட்டிட்டாரு!”

நடிப்பில்லை, நிஜமாகவே முடியவில்லை என்றால் தொப்பியைக் கழற்றி விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நாற்பது தடவையில் ஒருமுறையும் அதற்கு அவசியம் வந்ததில்லை. அக்கா திரும்பினார். அட்டை மணலில் விழுந்தது. “என்னங்க!” என்று கத்திக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தொடைத் தசை இறுகிக் கால் மடங்கிவிட்டிருந்தது. நல்லவேளை, மூன்று பேரும் ஏற்கெனவே பக்கத்தில் போயிருந்தார்கள். கரைக்கு இழுத்துவந்து போட்டதும் இருமினார், தண்ணீராகக் கக்கினார், மறுபடி இருமினார். அக்கா அவருடைய காலை மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே திட்டினார். திட்டு ஒன்றும் கோவையாக வரவில்லை. கணவர் கண்ணைத் திறந்து, “இன்னிக்காவது பாத்தியா?” என்றார். “வாய மூடிட்டுப் படுங்க” என்று சொன்ன அக்காவின் குரல் உடைந்தது. 

சட்டென்று நீவுகிற கை நின்றது. அக்கா இடது பக்கம் திரும்பினார். அவர் பார்க்க வேண்டிய பக்கம் அது.

கல் தடுப்பை ஒட்டிக் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அலையோடு ஆழத்துப் பக்கம் இழுபட்டுப் போயிருந்தார்கள். மேடைமேல் மருந்துக் கடைப் பெண் எழுந்து நின்று, விட்டு விட்டு விசில் ஊதி, கையை வீசி அவர்களைக் கரைக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் காலூன்றியதும் அந்தப் பெண்ணின் பார்வை வலது பக்கம் போயிற்று, மறுபடி இடது பக்கம் வந்தது. நான் பார்த்தவரை எங்கள் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.

கணவரை எழுப்பி உட்காரவைத்துவிட்டு அக்கா மேடையடிக்குப் போனார்.

“நான் ஓடினத பாத்தியா?”

அந்தப் பெண் தயங்கினார். ஏணியருகே நின்ற தலைவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இல்லக்கா. நான் ஒண்ணும் பாக்கல.”

“பாக்கலன்னா இடது பக்கம் ஆள் இல்லன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பாக்கலன்னா நான் பெயில் போடணும்.”

 அந்தப் பெண்ணின் கண் கடலிலேயே இருந்தது.

“பாத்தேங்க்கா. அட்டைய நீங்க கீழ போட்டதுமே பாத்தேன்.”

“எவ்ளோ நேரம் இல்ல நான்?”

“நாலு நிமிஷம் இருக்கும்.”

அக்கா அட்டையை எடுத்து மணலைத் தட்டினார். குழுவுக்கு வெற்றி என்று எழுதினார். அதற்குக் கீழே, காவல் இடத்தை விட்டு ஓடியவர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் நான்கு நிமிடம் என்று போட்டார்.

தலைவர் பதறிப்போனார். “அக்கா, இது மேல போச்சுன்னா ஒரு வருஷம் உங்கள மார்க் போட விடாம உக்கார வெச்சிருவாங்க.”

“வெக்கட்டும். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவையும் அட்டையையும் அவர் பக்கம் நீட்டினார். முகம் மட்டும் இடது பக்கத் தண்ணீரைப் பார்த்திருந்தது.