ராணிக்கு ஒரு கவர்

முதலில் ஆறுமுகத்தாய் வலது கை வளையல்களைக் கழற்றி இடது கையில் ஏற்றிக்கொள்கிறார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறார். கேரம் போர்டுக்கு மேலே தொங்கும் பல்பை அண்ணாந்து பார்த்து, "நேத்து மாதிரி மினுக்கிக்கிட்டு கெடக்காத, சொல்லிட்டேன்" என்று அதற்கும் ஓர் எச்சரிக்கை. இதற்குள் பக்கத்தில் இருக்கும் கணேசபாண்டியன் காய்களை வட்டமாக அடுக்கி முடித்திருப்பார். ஆறுமுகத்தாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்ப்பார். பிடிக்காது. மொத்தத்தையும் கலைத்துவிட்டுத் தானே அடுக்குவார். "கோணக் கொத்தனாரு மாதிரில்லா அடுக்குதீரு!"

திலக் நகரில் இவர் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள கணபதி மண்டல் என்கிற விழாச் சங்கத்தின் அறை அது. விழா நாட்களில் பிள்ளையாருக்கு. மற்ற நாட்களில் சுருட்டி வைத்த தார்ப்பாய்க்கும், தோல் கிழிந்த டோலுக்கும், இந்தக் கேரம் போர்டுக்கும். இளவட்டங்கள் வேலை முடிந்து ரயிலில் திரும்பும் வரை போர்டு பெரிசுகளின் கையில். நான்கு பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். எதிரே ஜோடி ஆட்டக்காரர் உதுமான், முன்பு ஆட்டோ ஓட்டியவர். எதிரணியில் கணேசபாண்டியனும், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற நகுலும். இந்த அறையில் பெண் என்று ஒருவர் உட்கார்ந்தது ஆறுமுகத்தாய் வந்த பிறகுதான்.

ஆட்டம் அவருக்குப் புதிது அல்ல. இளம் வயதில் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வார் ஒட்டும் வேலை. ஆர்டர் இல்லாத மதியங்களில் ஆண்கள் கேரம் ஆடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தபோது, "நான் உக்காரட்டா?" என்று கேட்டார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்தது அந்தச் சிரித்தவர்கள்தான்.

அவர் எப்போதும் கறுப்புக் காய்தான் கேட்பார். கறுப்புகள் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள். "ஏ கொழுந்தா, வாசல்ல நின்னு வழிய மறிக்காத." குழியின் விளிம்பில் வந்து நின்றுவிடும் காய் நிச்சயமாக நாத்தனார். "வந்தவ உள்ள போக வேண்டியதுதான? என்ன வெக்கம் ஒனக்கு?" நகுலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாத்தனாரைத் தெரியும். தன் முறை வரும்போது அவரும் "நாத்னார், நாத்னார்" என்று சொல்லித்தான் அடிக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஆறுமுகத்தாய் தலை சுற்றி பாத்ரூமில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கையையும் மூளையையும் சும்மா வைக்காதீர்கள், நாலு பேரோடு பழகுங்கள் என்றார் டாக்டர். மகன் வெங்கடேஷ் ஒரு கைத்தடி வாங்கி வந்தான். மருமகள் கலைச்செல்வி பூங்காவில் நடக்கும் சிரிப்பு கிளப்பில் சேர்த்துவிட்டாள். "கைய மேல தூக்கி ஹோ ஹோங்காவ. எதுக்குச் சிரிக்கோம்னு கேட்டா, சும்மாதான்ங்காவ. சும்மா சிரிச்சா எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு" என்பார். சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு சாயங்காலம் பூங்காவுக்குப் போகிற வழியில் மண்டல் அறையிலிருந்து காய் மோதும் சத்தம் கேட்டது. அன்றோடு சரி. வீட்டில் மட்டும் "சிரிக்கப் போறேன்" என்றே சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது முழுப் பொய்யும் அல்ல.

வீட்டில் அவரைப் பீங்கான் ஜாடி மாதிரி வைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் "விடுங்க அத்தை". மாடிப்படியில் கால் வைத்தால் "பாத்தும்மா, பாத்து". கேட்டுக் கேட்டு அவருக்கே தன் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மண்டல் அறையில் யாரும் பாவம் பார்ப்பதில்லை. அடிக்கும்போது ஸ்டூலிலிருந்து இடுப்பு கொஞ்சம் எழும்பினால் போதும், "ஆயி, ஃபவுல்!" என்று நகுல் கூரை அதிரக் கத்துவார். அந்தச் சண்டைகளில்தான் விழுந்த பயம் அவரைவிட்டுப் போனது. இப்போது மாடிப்படியைச் சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறார். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்ல முடியாததுதான் அவருக்கு வருத்தம்.

குட்டு உடைந்தது, காய் வழுக்கி ஓடப் போர்டில் தூவும் போரிக் பவுடரால். மண்டல் பையன்கள் பவுடரில் முகப்பவுடரைக் கலந்து ஒப்பேற்றுகிறார்கள் என்பது அவருடைய தீராத சந்தேகம். அதனால் சொந்தமாக வாங்கி, திருச்செந்தூரிலிருந்து திருநீறு வந்த பழைய சம்படம் ஒன்றில் போட்டுச் சாமி அலமாரியிலேயே ஒளித்து வைத்தார். அங்கே யார் கை வைப்பார்கள் என்ற தைரியம். நேற்றுக் காலை ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் வெங்கடேஷ் அதைத் திறந்து மூன்று விரலால் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு போனான். செம்பூர் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பாதி மூக்குக்கண்ணாடியில், மீதி சட்டையில். ஆபீசில் யாரோ விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கேரம் பவுடர்ல?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ராத்திரி சம்படத்தை நீட்டி, "என்னம்மா இது?" என்றான். ஆறுமுகத்தாய் மழுப்பவில்லை. "ஆமா, கேரம் ஆடுதேன். அதுக்கென்ன இப்போ?"

இன்று சாயங்காலம் அவன் சீக்கிரமே வந்துவிட்டான், அந்தக் கைத்தடியோடு. சரியாக அவன் நுழைந்த நேரத்தில் சிவப்புக் காய், அதாவது ராணி, ஆறுமுகத்தாய் அடித்த அடியில் குழிக்குள் போனது. ராணியைப் போட்டவர் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். அதுதான் கவர். தவறினால் ராணி திரும்பவும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

வெங்கடேஷ் கைத்தடியைப் போர்டின் சட்டத்தின் மேல் குறுக்காக வைத்தான். "எந்திரிம்மா. போதும்."

"கவர் போடணும். இரு."

"விழுந்து தொலைச்சா யாரு பாக்குறது? சொசைட்டில நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"எந்த நாலு பேரு? மூணு பேரு இந்தா உக்காந்திருக்காவ. நாலாவது ஆளு நாந்தான். என்ன பேசுதோம்னு கேட்டுட்டுப் போ."

உதுமான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். கணேசபாண்டியனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பிள்ளை கூப்பிடுதான்லா தாயி. நாளைக்கு ஆடிக்கிடலாம்."

"நாளைக்கும் கிடையாது அங்கிள்" என்றான் வெங்கடேஷ். "இன்னையோட கதம். இனிமே உள்ள விடாதீங்கன்னு மண்டல் செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டுதான் வர்றேன்."

ஆறுமுகத்தாய்க்குச் சுருக்கென்றது. பெற்றவளைப் பற்றி வெளியாளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஸ்ட்ரைக்கரை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார்.

"ஏலே, நான் விழுந்தது எங்கன? நம்ம வீட்டு பாத்ரூம்ல. அதுக்கு வீட்டப் பூட்டி சாவிய செக்ரட்டரிகிட்ட குடுத்தியா?"

வெங்கடேஷ் நகரவில்லை. போர்டின் மேல் குனிந்தபடி நின்றான். பல்பை மறைத்த அவன் தலையின் நிழல், கவருக்கான கறுப்புக் காய் கிடந்த மூலையில் அப்படியே விழுந்திருந்தது. "கேலோ ஆயி, கேலோ" என்று ஆடச் சொன்னார் நகுல் மெல்ல.

ஆறுமுகத்தாய் கைத்தடியை எடுத்தார். வாங்கிய நாள் முதல் கதவுக்குப் பின்னால் கிடந்த தடி அது. அவர் கை இப்போதுதான் அதன்மேல் படுகிறது. அதன் ரப்பர் முனையை மகனின் நெஞ்சில் வைத்து, காயின் மேல் வெளிச்சம் விழும்வரை அவனைப் பின்னால் தள்ளினார். பிறகு தடியை மடியில் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் விரலை வைத்து, ஒரு கண்ணை மூடினார்.