நாற்பத்து மூன்றாவது அடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, திருவனந்தபுரம் சங்குமுகத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள கடற்கரையில் இது நடந்தது.

எனக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. வலியசாலையில் வீடு. வெளிநாட்டில் இருக்கும் மகள், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அனுப்பியிருந்தாள். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். சும்மா நடக்க எனக்குப் பிடிக்காது, அதனால் கருவியோடு நடந்தேன். டச்சுக்காரர்களும் போர்ச்சுகீசியர்களும் கப்பல் நிறுத்திய கரை அல்லவா, ஒரு பழங்காசாவது அகப்படாதா என்று ஆசை. அகப்பட்டால் தொல்பொருள் துறைக்கு எழுத வேண்டிய கடிதத்தைக்கூட மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன்.

மூன்று வருடங்களில் கிடைத்தவை நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் நோட்டில் குறித்திருக்கிறேன். நூற்றெண்பத்தேழு பாட்டில் மூடிகள், நூற்று நாற்பது ஆணிகள், மீதியெல்லாம் தூண்டில் முள், சாவி, கரண்டிக் காம்பு. சரித்திரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. வீடு திரும்பினால் மனைவி, "ஏன்னா, இன்னிக்கும் ஆணிதானா? அதையெல்லாம் சேர்த்து ஒரு கப்பலே கட்டிடலாமே" என்பாள்.

அந்தக் கரையில் கடல் ஆனி, ஆடியில் மணலைத் தின்றுவிடும். ஐப்பசி பிறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுத்த மணல் புதுத்துணி போல மடிப்பில்லாமல் கிடக்கும். அன்று அப்படித்தான் இருந்தது. அலை வெகுதூரம் இறங்கியிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அலைச் சத்தம் தொலைவில் போய்விடும். காதில் சன்னமான ரீங்காரம் மட்டும் கேட்கும். காலுக்கடியில் யாரோ தூங்குவதைக் கேட்டுக்கொண்டே நடப்பது போல இருக்கும்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் ரீங்காரம் மணி போல உயர்ந்தது. தோண்டினேன். ஒரு முழ ஆழத்தில் வெட்டுக்கல் ஒன்று தட்டுப்பட்டது. அதைப் புரட்ட மூச்சு வாங்கியது, நெஞ்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கல்லுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பித்தளைச் சிமிழ் இருந்தது. களிம்பேறிப் பச்சையாகக் கிடந்தது. பேனாக்கத்தியால் மூடியை நெம்பினேன். உள்ளே சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்க் காசு இரண்டு, சிறிய வெள்ளிச் சிலுவை ஒன்று, கறுத்த செப்புத் துண்டு ஒன்று, அரிசிக் குருணை அளவில் ஒரு பொன்துளி. ஆக ஐந்து.

கண்ணுக்கு முன்னால் பாய்மரங்கள் வந்து நின்றன. நீண்ட அங்கி போட்ட பாதிரியார் ஒருவர் படகிலிருந்து இறங்குவதையும், யாருக்கோ பயந்து இதைப் புதைப்பதையும் நேரில் பார்ப்பது போலப் பார்த்தேன். சிமிழைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வழக்கம்போலக் குழியையும் மூடினேன். யாராவது தடுக்கி விழுந்து வழக்கு வந்துவிடக் கூடாதே என்று எனக்கு எப்போதும் பயம்.

நிமிர்ந்தபோதுதான் அந்தப் பெண்ணைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு டிபன் டப்பா. கரையின் மேட்டில் சிலுவை வைத்த சிறிய மாடம் ஒன்று உண்டு, குருசடி என்பார்கள். அங்கிருந்து கடலை நோக்கி வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்றார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் குருசடிக்கே போனார். மூன்று முறை நடந்தார், மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றார். யாராவது தப்பாக எண்ணினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அருகில் போய் என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டைத் தேடுறேன் சாமி" என்றார்.

குளச்சல் பக்கத்திலிருந்து இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவராம். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அந்தத் தெருவையே கடல் கொண்டுபோய்விட்டது. புது மணப்பெண்ணாக வந்தபோது குருசடியிலிருந்து வீட்டு வாசல் வரை அடிகளை எண்ணி வைத்திருந்தார்.

"எல்லா வீடும் ஒரே போலக் கெடக்கும். வழி தெத்திப் போவக் கூடாதுல்லா? நாப்பத்து மூணு அடி. இப்பக் கால் முட்டு வலி, கணக்கு நிக்க மாட்டேங்குது."

கணக்குத் தவறவில்லை, நேர்கோடுதான் தவறுகிறது என்று எனக்குப் பட்டது. தெருவில் நின்றால் நேரே என்ன தெரியும் என்று கேட்டேன். பழைய கடற்பாலத்தின் நுனி என்றார். அப்படியானால் குருசடியிலிருந்து பாலத்தின் நுனியைப் பார்த்தே நடக்க வேண்டும். நான் பின்னால் நின்று, அவர் விலகும்போதெல்லாம் இடம், வலம் என்று சொன்னேன். அவர் உரக்க எண்ணிக்கொண்டே போனார்.

முப்பதைத் தாண்டினார். முப்பத்தைந்து. நாற்பது. அவர் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலம் போகச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். அவராகவே வலப்பக்கம் சரிந்து, நாற்பத்து மூன்றாவது அடியை நான் மூடிய குழியின் ஈரத்தின் மேல் வைத்தார்.

பக்கத்தில் கிடந்த வெட்டுக்கல்லைத் தடவிப் பார்த்தார். "எங்க வாசப்படிக் கல்லாக்கும் இது" என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க தோண்டினியளா சாமி? என்ன கெடச்சுது?"

"ஆணி" என்றேன்.

அவர் சந்தேகப்படவில்லை. மண்டியிட்டு டப்பா நிறைய மணல் அள்ளினார். ஊருக்குள்ளே மூன்று சென்ட் இடத்தில் புது வீடு எழும்புகிறதாம். சனிக்கிழமை கதவு நிலை வைக்கிறார்கள். இங்கே வீடு கட்டியபோது மாமனார் நிலைக்குக் கீழே என்னவோ வைத்து ஜெபித்தாராம். அதெல்லாம் கடலோடு போயிருக்கும், மணலாவது கொண்டுபோய் அங்கே போடலாம் என்று வந்திருக்கிறார்.

பிறகு எழுந்து, ஒன்றுமில்லாத அந்த வெளியைக் காட்டி, "உள்ள வாங்க சாமி. தலையப் பாத்து, நிலை தாழ்ச்சை" என்றார்.

நான் குனிந்து உள்ளே போனேன். ஏன் குனிந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இது அடுக்களை, இது ஜன்னல், இங்கேதான் மூத்தவளைப் பெற்றேன் என்று அவர் கை காட்டக் காட்ட, சுவர்கள் எழும்பி நின்றன. வெளியே கேட்ட அலைச் சத்தம்கூடச் சற்றுக் குறைந்தது போலத் தோன்றியது. சிமிழ் நெஞ்சில் கனத்தது. விடைபெற்றுக்கொண்டு கருவியைத் தோளில் மாட்டி நடந்தேன்.

இருநூற்றுப் பதினாறு அடிகள். அலைத்தடுப்புக் கற்களின் மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் என் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. நாங்கள் வீட்டை எடுத்துக் கட்டியபோது நிலைக்கு அடியில் பஞ்சலோகம் வைத்தோம். சாலைக் கடைத்தெருவில் கையில் சீட்டோடு ஐந்தையும் வாங்கி வந்தவனே நான்தான். என் மனைவி மூக்குத்தியின் திருகைக் கழற்றி அதோடு போட்டாள். அப்படியிருந்தும், கல்லுக்கு அடியில் சிமிழைப் பார்த்தபோது எனக்குப் பாதிரியாரும் கப்பலும்தான் தோன்றினார்கள். காசின் வயதைப் பார்த்தேன், அதை அங்கே வைத்த கையை நினைக்கவில்லை. தெரியாமல் எடுத்ததாவது பரவாயில்லை. தெரிந்த பிறகும் ஆணி என்றேனே.

திரும்பிப் பார்த்தேன். அலை ஏறத் தொடங்கியிருந்தது. அவர் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு, அந்த வயதில், நனைந்த வேட்டியோடு ஓடினேன். எத்தனை அடி ஓடினேன் என்று எண்ணவில்லை.

கைக்குட்டையை அவிழ்த்துச் சிமிழை நீட்டினேன். "ஆணி இல்லைம்மா. பொய் சொன்னேன்."

அவர் மூடியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். விரல் நுனியால் சிலுவையைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்தபோது சிரித்தார்.

"சாமிக்க ஆணி கொள்ளாமே!" நன்றாகத்தான் இருக்கிறதாம் என் ஆணி.

நானும் சிரித்தேன், ஆனால் தலை நிமிரவில்லை. அதுதான் கிடைத்துவிட்டதே, இனி இந்த மணல் எதற்கு, டப்பாவைக் கொட்டிவிட்டால் சுமை குறையுமே என்றேன்.

"இது மாமனார் வச்சது" என்று சிமிழைக் காட்டினார். பிறகு டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "இது நான் இருவத்தேழு வருசம் மிதிச்சது. ரெண்டும் வேணும்."

சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தார். போனேன். மேஸ்திரி நிலையைத் தூக்கிப் பிடிக்க, அவர் சிமிழை வைத்து, மேலே மணலைத் தூவினார். கூடியிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, இந்தச் சாமிதான் கடலுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார் என்று சொன்னார். நான் சொன்ன பொய்யை அவர் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குக் காபி கொடுத்தபோது வேடிக்கையாகக்கூட.

அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, உறுத்தட்டும் என்றே விட்டுவிட்டேன். இப்போதும் ஐப்பசி பிறந்தால் அந்தக் கரைக்குப் போகிறேன், காதில் மணி ஒலிக்கும்போது மட்டும், யார் வீட்டு வாசலில் நிற்கிறேனோ என்று ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் குனிகிறேன்.