கை எட்டாத அவரைக்கொடி

தொப்பூரில் லாரிக்குக் கரி மூட்டை ஏற்றும் வேலை நின்றுபோனதும் நடந்தே கடத்தூர்ப் பக்கம் வந்தேன். உலகச் சண்டை நடந்த காலம். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். ஊருக்கு வெளியே கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மாள், இருவேளைக் களிக்கு என்னை அவரைப் பந்தலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அது அவர் பிறந்த வீட்டிலிருந்து விதை கொண்டுவந்த அவரை. முந்தின கோடையில் பசிக்கு விதையையே வேகவைத்துத் தின்றிருந்தார்கள். மிஞ்சிய ஒரு பிடிதான் பந்தலில் ஏறியிருந்தது. இந்த முறை விதை எடுக்காவிட்டால் அந்த அவரை அதோடு சரி.

இலையைத் திருப்பிப் பார்த்து முட்டைகளைத் துடைப்பது என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவும் ஒரு படிப்பாக இருந்தது. பழுப்பு மயிர் மூடிக் குவிந்திருந்தால் இலை தின்னும் புழுவின் முட்டை. மொட்டில் ஒற்றை மணியாக இருந்தால் காய்ப்புழு. சில இலைகளில் மயிர்போல ஒரு காம்பு நின்றது, நுனியில் வெள்ளைப் பொட்டு. பூஞ்சணம் என்று எண்ணி அவற்றையும் ஒன்று விடாமல் துடைத்தேன்.

மார்கழியில் கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினி மொய்த்தது. சாம்பல் தூவினோம். பனியில் கரைந்து போயிற்று. பூ கொட்டத் தொடங்கியது. அம்மாள் பந்தலைச் சுற்றி வந்து, பக்கத்து வேப்பமரத்தில் ஏறியிருந்த ஒரு கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"உன் கை எட்டாத கொடி மட்டும் பூவோட நிக்குதே, தம்பி."

மரத்தில் ஏறினேன். அங்கே இலைக்கு இலை அந்த மயிர்க்காம்புகள். சில பொட்டுகள் வெடித்திருந்தன. அவற்றிலிருந்து வந்த சின்னப் புழுக்கள், கொக்கி வாயால் அசுவினியைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தன. இறங்கி வந்து, நான் துடைத்தது எதை என்று சொன்னேன். அன்றோடு களி நிற்கும் என்று நினைத்தேன்.

"ரொம்பச் சுத்தமான கைதான் உனக்கு. இனிமே கொஞ்சம் சோம்பேறியாவே இரு," என்றார்.

மேல்கொடியிலிருந்து காம்பு நின்ற சில இலைகளைக் கிள்ளி, கீழ்க்கொடிகளில் வேலமுள்ளால் குத்தி வைத்தேன். ஆனாலும் பாதிக்கொடி போய்விட்டது. எங்கும் ஒரு மாதம் தரிக்காதவன், காய் முற்றி உலரும்வரை அங்கேயே இருந்தேன்.

மாசியில் அம்மாள் விதைகளைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டார். குடுக்கை முக்கால்தான் நிறைந்தது. வாயைச் சாணியால் அடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெதைக்கு ஆச்சு. கொழம்புக்குத்தான் இல்ல."

மறுநாள் விடிந்ததும் அரூர்ப் பாதையில் நடந்தேன்.