அப்பா மாட்டிய பாடி வயர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் சென்று படித்த முதல் ஆள் நான். அதனால் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

அப்பா சாத்தூர் பக்கம் ஒரு சிற்றூரில், காட்டு வேலைக்குப் போய்ப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினார். பிறகு லாரிப் பட்டறையில் தொழில் கற்று, திருத்தங்கலில் சொந்தப் பட்டறை வைத்தார். எதையும் எளிதில் நம்பமாட்டார். பங்க்கில் போட்ட பெட்ரோலை முகர்ந்து பார்ப்பார். புது உதிரிபாகம் வந்தால் பெட்டியைத் தூர எறிந்துவிட்டுச் சாமானை மட்டும் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "நம்மூர்ல எந்தக் கம்பெனி பெட்டியும் அச்சடிச்சுத் தருவாக. பெட்டியப் பாத்து ஏமாறக் கூடாது" என்பார். என் பள்ளிக்கும் வந்து, டீச்சர் உண்மையிலேயே பாடம் நடத்துகிறாரா என்று ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவர் மீதே ஒரு சந்தேகம் விழுந்தது. அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

நெடுஞ்சாலையை நான்குவழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பட்டாசு ஆலை முதலாளி பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை இல்லை. பார்க்க அழகு, நம்பிப் போக முடியாது. ரயில்வே கேட்டில் நின்றால் ரேடியேட்டர் கொதித்துவிடும். அப்பா ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூடுதலாக ஒரு மின்விசிறி வைத்தார். பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிப் பொருத்தினார். நைந்த வயர்களையெல்லாம் மாற்றினார். கார் மதுரை வரை போய்த் திரும்பியது.

ஆனால் ஆலைக்குப் போய்வரும்போது மட்டும் வழியில் நின்றது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி கருகியிருக்கும். புதிதாக வைத்தாலும் அடுத்த முறை அதே கதி. முதலாளி பட்டறைக்கே வந்து ஆட்கள் முன்னால் கேட்டார்: "ஒரிஜினல் சாமானக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டுறீராக்கும்?"

மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையைத்தான் பாடியோடு இணைப்பார்கள். அந்தக் காரில் பிளஸ் முனையை இணைக்க வேண்டும். அப்பா அப்படித்தான் மாட்டி அனுப்புவார். கட்டி இழுத்து வரும்போது வயர் மாறியிருக்கும். மாற்றி மாட்டினால் அந்தப் பெட்டி கருகிவிடும். "யாரோ மாத்துறாக மொதலாளி" என்று அப்பா சொன்னதை அவர் சாக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் சந்தேகம் முதலாளிக்குக் கார் ஓட்டும் அண்ணன் மீது போனது. முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அந்த அண்ணனும் விடவில்லை. "அண்ணாச்சி, மதினி வச்ச ரசத்தையே மோந்து பாத்துட்டுக் குடிக்கிற ஆளு நீங்க. என்னய மட்டும் நம்பவா போறீக?" என்றார்.

மறுநாள் அப்பா ஆலை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். முதலாளி உள்ளே போனார். ஓட்டுநர் அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே வந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெடிமருந்து புழங்கும் இடம் என்பதால், வாசலில் நிற்கும் வண்டிகளின் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பது அந்த ஆலையின் வழக்கம். வாட்ச்மேன் பெரியவர் கழற்றினார். முதலாளி புறப்படும் நேரத்தில் திரும்ப மாட்டினார். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"ஏன்யா மாத்தி மாட்டுறீரு?"

"நானா மாத்துறேன்? எவனோ கூறுகெட்ட மெக்கானிக்கு பாடி வயரப் பிளஸ்ல மாட்டி அனுப்புறான். ஒவ்வொரு தடவையும் நாந்தேன் சரி பண்ணி விடுறேன்."

"அந்தக் கூறுகெட்டவன் நாந்தேன்யா!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பெரியவர் வேலை போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. "நாந்தேன் மாத்தினேன் மொதலாளி. தப்புன்னு தெரியாது" என்றார். முதலாளி குனிந்து பேட்டரியைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். அப்பாவும் ஓட்டுநர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அண்ணன் டம்ளரை நன்றாக முகர்ந்து பார்த்துவிட்டே குடித்தார்.

இனி யாரும் வயரைத் தொடத் தேவையில்லாதபடி, பேட்டரி இணைப்பைத் துண்டிக்க அப்பா ஒரு சுவிட்ச் வைத்தார். அதன் பிறகு அந்தக் கார் வழியில் நிற்கவில்லை.

ஆனால் முதலாளி பட்டறையில் வைத்துச் சொன்ன சொல் ஊரெல்லாம் போயிருந்தது. ஆலை வாசலில் சொன்ன சொல் எங்கும் போகவில்லை. கல்யாண வீடுகளில் அப்பா பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் பேச்சு நிற்கும். கடைசி நாட்களில் மதுரை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாத்திரையையும் என்னவென்று கேட்டுத்தான் விழுங்கினார். அப்போதும் என்னிடம், "சாமான் எடுத்தேன்னு இன்னும் சொல்றாகளா தாயி?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அதையும் அவர் நம்பவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், உடனிருந்து கவனித்த அத்தைக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த ஓட்டுநர் அண்ணனுக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன வாட்ச்மேன் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவைத் திருடர் என்று பேசிய உறவினர்கள் ஒருவர்கூடப் பட்டறைக்கு வந்து அவரிடம் கேட்டதில்லை. அவர்கள் யார் யார் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆகவே ஒரு வீடு விடாமல் இந்த மலரைக் கொடுத்திருக்கிறோம்.