மெதுவாகச் சொல்ல முடியாத மொழி

மதினி கையை உயர்த்தினால் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அருப்புக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் ஜன்னலோரப் பெஞ்சில், சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தி அவர் உட்கார்ந்திருப்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பார்வை மட்டும் பெயர் கூப்பிடும் ஆயாவின் வாயை விட்டு அகலாது. அண்ணனுக்கும் மதினிக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அண்ணன் பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டினார். "இந்தச் சத்தத்துல காது போகாத ஒரே ஆளு இவுகதான்" என்று தறி முதலாளி சொல்லிச் சிரிப்பார். என்னவென்று தெரியாமலே அண்ணனும் கூடச் சிரிப்பார்.

மதினிக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணன் செய்தி அனுப்பிய அன்று, திருச்சுழியிலிருந்து என் பஸ் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. நான் கூடத்துக்குள் நுழையும்போது ஆயா மதினியின் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தொண்டை கிழியக் கூப்புடுறேன், காதுல பஞ்சா வச்சிருக்க?"

"அவுகளுக்குக் காது கேக்காதுக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அவுக எப்பிடிக்கா சொல்லுவாக?"

கூடமே சிரித்தது. ஆயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு தன்னைப் பற்றியது என்று மதினிக்குத் தெரியும். தலைப்பை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

அண்ணனோடு வளர்ந்ததால் வீட்டில் எனக்கு மட்டும்தான் கைமொழி வரும். ஆகவே டாக்டர் அறைக்குள் நான்தான் போனேன். "என்ன பண்ணுதாம் அவங்களுக்கு?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கையால் கேட்டேன். மதினி என்னைப் பார்த்தார். வாசலில் நெருக்கிக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்து, விரல்களைத் தீக்கொழுந்து போல மேலே அசைத்தார். "வயித்தெரிச்சலாம் சார்" என்றேன். மாத்திரை எழுதினார். அடுத்தடுத்த தடவைகளிலும் அதே கேள்வி, அதே கை, அதே மாத்திரை. மதினி சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கொழுந்தன் முன்னால் ஒரு பெண் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. காது கேட்கிறவளாக இருந்தால், கொழுந்தனை வெளியே நிறுத்திவிட்டு டாக்டரிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு வருவாள். மதினியின் மொழியில் நோவு எங்கே இருக்கிறதோ அங்கே கை போயாக வேண்டும். அவர் சொல்வதைப் படிக்க எதிரே ஒருவர் நின்றாக வேண்டும். அந்த ஒருவர் நானாக இருந்தேன். நான் வெளியே போனால் அவருக்கு வாய் இல்லை. உள்ளே நின்றால் அவருக்கு வார்த்தை இல்லை.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, கொல்லையில் ஊறப்போட்டிருந்த கறைத் துணிகளை என் மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க, அக்காவுக்குத் தீட்டு நின்னு வருசக்கணக்காச்சே. இது வேற என்னமோங்க" என்றாள். அவளுக்குக் கைமொழியில் சாப்பாடு, வா, போ என்பதற்கு மேல் தெரியாது. அண்ணன் படித்த காது கேளாதோர் பள்ளியில் முன்பு வேலை பார்த்த டீச்சரம்மா ஒருவர் இருந்தார். அவரைக் கைபேசியில் முகம் தெரியும்படி அழைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மதினி கைபேசியை வாங்கிச் சுவர்ப் பக்கம் சாய்த்து வைத்தார். என்னைப் பார்த்து, வெளியே போ என்று கை காட்டினார். கதவைச் சாத்தினார்கள்.

திறந்தபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது. மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் எண் காட்டும் பலகை மாட்டியிருக்கிறார்கள். அது எரிகிற நாளில் யாரும் யார் வாயையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கைமொழி தெரிந்த ஒரு பெண் மட்டும் இன்றுவரை அங்கே இல்லை. நரிக்குடிப் பக்கமிருந்து காது கேட்காத பெண்கள், அண்ணனையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்களும் வயித்தெரிச்சல் மாத்திரையோடுதான் திரும்புகிறார்களோ என்னவோ.

மதுரையில், பரிசோதனைகள் எல்லாம் முடிந்த ஒரு பிற்பகலில், பெரிய டாக்டர் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். கருப்பையில் புற்று, பரவிவிட்டது, அறுத்தெடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது. "அந்தம்மாட்ட எதுவும் சொல்லிக்கிட வேணாம். அவங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் மெதுவா சொல்லுங்க" என்றார்.

கையால் எப்படி மெதுவாகச் சொல்வது? அண்ணனை வராண்டாத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கையைத் தூக்கினேன். அவர் தோளுக்கு மேலாக, ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால், மதினி கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. கையை இறக்கினேன். மதினி கை காட்டி என்னைக் கூப்பிட்டார்.

டாக்டர் உன்னிடம் சொன்னதை என்னிடம் சொல் என்றார்.

சொன்னேன். மதினி அசையாமல் என் கைகளையே பார்த்திருந்தார். பிறகு போர்த்தியிருந்த தலைப்பை விலக்கி, அடிவயிற்றில் கையை வைத்து, இங்கேயா என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பொருட்படுத்தவில்லை.

அண்ணன் பக்கம் திரும்பி அவரே சொல்லத் தொடங்கினார். தங்களுக்குள் மட்டும் அவர்கள் பேசிக்கொள்ளும் வேகம் அது. பாதியில் முடிந்துவிடும் சைகைகள். இந்த மொழி எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மதினி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.