இலையைப் பார்த்துச் சொன்னது

நர்சரிக்காரரிடம் எந்தக் கன்று கேட்டாலும் இருக்கும். ஜாதிக்காய்க் கன்று மட்டும் இருக்காது. கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. விதை நாலு நாள் காய்ந்தாலே முளைக்காது. முளைத்தாலும் ஆணா பெண்ணா என்று தெரிய ஆறேழு வருஷம் ஆகும்; ஆண் மரம் பூக்குமே தவிரக் காய்க்காது. பெண் மரத்துக் கிளையை ஒட்டிய கன்றைத்தான் நம்பலாம், ஆனால் அதற்குக் கை பழகியவர்கள் குறைவு. இத்தனையும் சொல்லிவிட்டு இன்னொரு காரணத்தை மட்டும் மென்று விழுங்கிவிடுவார்.

அந்தக் காரணம் ஒருநாள் காலை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தது. ரிட்டயரான டீச்சர். எட்டு வருஷத்துக்கு முன் விதையில் முளைத்த கன்று ஒன்றை அவருக்கு விற்றது இவர்தான். "பொண்ணு மரம்தானே தம்பி?" என்று டீச்சர் கேட்டபோது, இலையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, நரம்பைத் தடவி, "நிச்சயம் டீச்சர். இலையப் பாத்தா எனக்குத் தெரியாதா?" என்று ஜம்பமாகச் சொன்னார். இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே அது அவருக்குத் தெரியும்.

போன வருஷம் டீச்சர் வீட்டு மதிலுக்கு மேல் கொத்துக்கொத்தாகப் பூவை நர்சரிக்காரர் பார்த்தார். ஆண் பூ. அன்றிலிருந்து சுற்றுவழியில்தான் கடைக்கு வருகிறார்.

"மரம் பூக்குது தம்பி, ஒரு காய்கூட நிக்கல. முழங்கால் வலின்னு ஒழுங்கா தண்ணி ஊத்தாம விட்டுட்டேன். என் தப்புதான். ஏதாவது உரம் இருந்தா குடுங்க."

ஒரு பை உரத்தோடு விஷயம் முடிந்துவிடும். கைகூட உரப்பை வரைக்கும் போய்விட்டது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"உரம் வேண்டாம் டீச்சர். அது ஆண் மரம். அன்னிக்கு நான் சும்மா அடிச்சு விட்டேன்."

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"மேல வெட்டிட்டு, பொண்ணு மரத்துக் கிளைய நானே வந்து ஒட்டித் தரேன். மூணு நாலு வருஷத்துல காய்க்கும்."

"எனக்கு எழுபத்தாறு வயசு தம்பி." டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஒட்டு பிடிக்குமா? நிச்சயமா?"

பழைய சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"நிச்சயமா சொல்ல முடியாது டீச்சர்."

"அன்னிக்கும் இதையே சொல்லியிருக்கலாமே." டீச்சர் வாசலில் நின்று குடையை விரித்தார். "நாளைக்கு வாங்க. வெட்டும்போது நான் உள்ள இருந்துக்கிறேன்."